இரண்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று

போன சனிக்கிழமை விடிய யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கில் 12 நிமிடத்தில் 2420 மீற்றர் ஓடினேன். ஏழு மாதத்துக்கு முன் இதே இடத்தில், இதே 12 நிமிடத்தில் 1680 மீற்றர்தான் போக முடிந்தது. அதிலும் கடைசி இரண்டு நிமிடம் நடை. இடையில் என்ன செய்தாய் என்று கேட்டு மூன்று பிள்ளைகள் செய்தி அனுப்பியிருந்தார்கள். மூன்று பேரும் பொலிஸ் சேவைக்கு விண்ணப்பிக்க யோசிப்பவர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதினால் பாதி விடுபட்டுப் போகும் என்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

ஓட்டத்துக்கு முன் ஒரு கடதாசியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் சாதாரண தரம் படித்துக்கொண்டிருந்த வருடம், நல்லூரிலிருந்து வந்துகொண்டிருந்த அம்மம்மாவின் கைப்பையை ஒழுங்கைக்குள் வைத்து இரண்டு பேர் பறித்துக்கொண்டு போனார்கள். பையில் நாலாயிரம் ரூபாய் காசு, மூக்குக்கண்ணாடி, அடையாள அட்டை. அடையாள அட்டை தொலைந்தால் புதியது எடுக்கப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி வேண்டும். அதற்காக நானும் அம்மம்மாவும் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார், கதிரையும் போட்டுத் தந்தார். ஆனால் அன்றைக்குத் தமிழில் எழுத ஆள் இல்லை. அம்மம்மா தமிழில் சொல்ல, இன்னொருவர் பாதியை மொழிபெயர்க்க, அவர் சிங்களத்தில் எழுதினார். எழுதி முடித்துக் கொப்பியைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போடச் சொல்லி விரலால் காட்டினார்.

"என்ன எழுதியிருக்கு தம்பி? ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ" என்று அம்மம்மா கேட்டார். வாசித்துத் தமிழில் சொல்ல அங்கே யாரும் இல்லை. அம்மம்மா 34 வருடம் ஆசிரியையாக இருந்தவர். வாசிக்காமல் எதிலும் கையெழுத்து வைக்காதே என்று எங்கள் எல்லோருக்கும் சொல்லித் தந்தவர். அன்றைக்கு வாசிக்காமல் கையெழுத்து வைத்தார். வீடு வரும் வரை ஒன்றும் கதைக்கவில்லை.

தமிழும் அரசகரும மொழி என்பது 1987 ஆம் ஆண்டு 13 ஆவது திருத்தத்திலேயே வந்துவிட்டது. நான் பிறக்கப் பல வருடத்துக்கு முன். சட்டத்தில் இருப்பது அந்த மேசைக்கு வருவதற்கு ஒரு ஆள் வேண்டும். முறைப்பாட்டைத் தமிழில் கேட்டு, தமிழில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்கும் ஆள். அந்த ஆளாக நான் இருக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். வீட்டில் சொன்னது போன வருடம்தான். அப்பா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. எங்கள் ஊரில் சீருடைக்கு இருக்கும் பாரத்தை நான் விளக்கத் தேவையில்லை. அவரைப் பிழை சொல்ல மாட்டேன். அவர் கண்டதை நான் காணவில்லை.

சரி, ஓட்டத்துக்கு வருகிறேன்.

உயரம், வயது, கல்வித் தகைமை, உடற்தகுதி எல்லாம் ஒவ்வொரு முறையும் ஆட்சேர்ப்பு அறிவித்தலில் எழுதியிருக்கும். வர்த்தமானியை எடுத்து வைத்து ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். போன முறை போன அண்ணா சொன்னதை வைத்துத் தயாராகாதீர்கள். எனக்குத் தேவைப்பட்டது தேர்வு நாளுக்கு மட்டும் போதுமான உடம்பு இல்லை. எடுபட்டால் களுத்துறைப் பொலிஸ் கல்லூரியில் மாதக்கணக்காக விடிய எழும்பி ஓடி, அணிவகுப்புப் பழகி, மத்தியானம் வகுப்பில் விழித்திருக்க வேண்டும். அதைத் தாங்கும் உடம்பு வேண்டும். அதனால் அளவுகோலாக கூப்பர் சோதனையை எடுத்தேன். அமெரிக்க விமானப்படையில் மருத்துவராக இருந்த கெனத் கூப்பர் 1968 இல் வெளியிட்டது. 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்பது மட்டும்தான் கணக்கு. ஒரு கைக்கடிகாரமும் அளந்த சுற்றும் இருந்தால் போதும். அமெரிக்காவில் பல பொலிஸ் பயிற்சிக் கல்லூரிகள் ஒன்றரை மைல் ஓட்டத்தை வைக்கின்றன. அதுவும் ஏறத்தாழ 2400 மீற்றர்தான். 400 மீற்றர் சுற்றில் ஆறு சுற்று. 12 நிமிடத்தில் முடிக்க இரண்டு நிமிடத்துக்கு ஒரு சுற்று. இந்த எண் எனக்குப் பிடித்துக்கொண்டது. மணிக்கூட்டைப் பார்த்தவுடனே பிந்துகிறேனா முந்துகிறேனா என்று தெரியும்.

முதல் பன்னிரண்டு நாளும் நான் செய்தது முழுப்பிழை. தினமும் விடிய எழும்பி, பள்ளிக்கூடக் காலத்து வெள்ளைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையிலிருந்து பிரதான வீதி வரை தார் ரோட்டில் முடிந்த வேகத்தில் ஓடினேன். மூச்சு வாங்கி நின்றேன், திரும்ப ஓடினேன். பதின்மூன்றாம் நாள் கட்டிலிலிருந்து இறங்கிக் கால் ஊன்றினால் கணைக்கால் எலும்பின் உட்புற விளிம்பு நெடுக நோவு. வலது காலில்தான் கூடுதலாக. அதோடும் இரண்டு நாள் ஓடினேன். மூன்றாம் நாள் படி இறங்க முடியவில்லை.

அந்த நேரம்தான் சேரிடம் போனேன். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், எழுபதை நெருங்கியவர், இன்னமும் பின்னேரத்தில் பிள்ளைகளை ஓடவிட்டுக்கொண்டிருப்பவர். காலை அமத்திப் பார்த்தார். ஒரு புள்ளியில் மட்டும் விரல் வைத்தால் துடிக்கிறதா, இரவில் படுத்திருக்கும்போதும் நோகிறதா என்று கேட்டார். அப்படியென்றால் எலும்பில் மெல்லிய வெடிப்பாக இருக்கலாம், உடனே படம் எடுக்க வேண்டும் என்றார். எனக்கு நெடுகப் பரவிய நோவுதான், இரவில் இல்லை. இரண்டு கிழமை ஓட்டம் இல்லை, சைக்கிள் மட்டும் என்றார். பிறகு நான் ஓடிய விதத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பிள்ளை, நீ ஒவ்வொரு நாளும் சோதினை எழுதுறாய். படிக்கிறது எப்ப?"

நான் ஏழு மாதத்தில் கற்றதெல்லாம் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. முடிந்த வேகத்தில் ஓடுவது சோதனை. உடம்பைக் கட்டுவது மெதுவான ஓட்டம். மெதுவாக நெடுநேரம் ஓடும்போது இதயம் ஒரு துடிப்பில் கூடிய இரத்தத்தை அனுப்பப் பழகுகிறது, தசைக்குள் நுண்ணிய இரத்தக்குழாய்கள் கூடுகின்றன. எலும்பும் தசைநாரும் மூச்சை விட மிகவும் ஆறுதலாகத்தான் பலப்படும். இரண்டு கிழமையில் மூச்சு முன்னேறிவிடும், கால் பின்னால் நிற்கும். அந்த இடைவெளியில்தான் நோவு வருகிறது. எனக்கு நடந்தது அதுதான்.

திரும்பத் தொடங்கியபோது ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, பத்துத் தரம். ஒருநாள் விட்டு ஒருநாள். தார் ரோட்டை விட்டு மைதானத்துப் புல். யாழ் நகரில் ஒரு கடையில் அடிப்பாகம் தடித்த ஓட்டச் சப்பாத்து ஒன்று வாங்கினேன். அதற்காக இரண்டு மாதம் ரியூசன் காசு சேர்த்தேன். செலவழித்ததில் மனம் நோகாத காசு அது. வீட்டில் படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிக்காலை உயர்த்தி, மெல்ல மெல்லக் கீழே இறக்கும் பயிற்சி, காலை பதினைந்து, பின்னேரம் பதினைந்து. கெண்டைக்கால் பலப்பட்டால் கணைக்கால் எலும்பில் விழும் இழுவை குறையும் என்று சேர் சொன்னார். ஆறாவது கிழமை நடையே இல்லாமல் 25 நிமிடம் ஓடினேன்.

எவ்வளவு மெதுவாக என்று கேட்பீர்கள். ஒரு முழு வசனத்தை இடையில் மூச்சு எடுக்காமல் சொல்லக்கூடிய அளவு மெதுவாக. இதைச் சோதிக்க ஒரு ஆள் வேண்டும். என் தம்பி சைக்கிளில் பக்கத்தில் வருவான். வெறும் கதை எதற்கு என்று அவன்தான் ஒரு யோசனை சொன்னான்: களுத்துறையில் சிங்களம் வேண்டும், ஓடும்போதே சொற்களைப் பாடமாக்குவோம். சட்டைப்பையில் துண்டுக் கடதாசி. அவன் தமிழில் கேட்பான், நான் சிங்களத்தில் சொல்லி, அதை வைத்து ஒரு வசனமும் சொல்ல வேண்டும். ஓடுவதற்குத் துவனவா. களைப்புக்கு மஹன்சி. முறைப்பாட்டுக்கு பெமிணில்ல. கையெழுத்துக்கு அத்சன. வசனம் நடுவில் அறுந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். உடனே அவன் "ஹெமின், ஹெமின்" என்று கத்துவான். மெதுவாக என்பதற்கு அதுதான் சொல்.

இரண்டாம் மாதத்தில் சுவரில் முட்டியது போல ஒரு நிலை. மெதுவாக ஓடியும் களைப்பு, படி ஏறினால் இளைப்பு, நகம் வெளிறியிருந்தது. இரத்தம் சோதித்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 10.4. பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் இரத்தச்சோகை. எத்தனை தரம் மூச்சைப் பழக்கினாலும் ஒட்சிசனைக் காவிச்செல்ல இரத்தத்தில் ஆள் இல்லாவிட்டால் கால் எப்படி ஓடும்? டொக்டர் இரும்புக் குளிசை எழுதிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "சாப்பிட்ட உடனே தேத்தண்ணி குடிக்கிறனீங்களோ?" குடிக்காத வீடு யாழ்ப்பாணத்தில் எங்கே இருக்கிறது? எங்கள் வீட்டில் பிட்டுச் சாப்பிட்ட கை காய முன் பிளேன்ரீ வந்துவிடும். தேயிலையில் இருக்கும் கயர்ப்பு, சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பு எடுக்க விடாமல் மறித்துவிடுமாம். ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிக்கச் சொன்னார். முருங்கையிலை வறை, பயறு, நெத்தலி எல்லாம் சாப்பிட்டு, அதோடு தேசிக்காய்த் தண்ணியோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு நன்றாக உள்ளே போகும் என்றார். குளிசையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், சோதித்துப் பார்த்த பிறகு போடுங்கள். ஆனால் ஓட நினைக்கும் எந்தப் பெண்பிள்ளைக்கும் நான் முதலில் சொல்வது இரத்தத்தைச் சோதி என்பதுதான். மூன்று மாதத்தில் எனக்கு 12.3 ஆனது. இரண்டு மூன்று பேர் "நீ சோம்பேறி இல்லை, உனக்கு இரத்தம் காணாது" என்று முன்பே சொல்லியிருந்தால் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டிகளில் நான் அழுதிருக்க மாட்டேன்.

ஒழுங்கைக் கதைகளும் உண்டு. வயது வந்த பிள்ளை விடியப்புறம் களிசானும் ரீசேட்டும் போட்டுக்கொண்டு ஓடுகிறாள் என்று அம்மாவிடம் வந்து சொன்னவர்கள் உண்டு. அம்மா ஒன்றும் வாதாடவில்லை. தொலைபேசியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா, எழுபது வயது கடந்து, 2023 இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் போட்டியில் தங்கம் வென்றபோது எல்லோரும் பகிர்ந்த படம். "இவவை அண்டைக்கு நீங்களும்தானே மெச்சினனீங்கள், அக்கா" என்று மட்டும் சொன்னார். அந்த மாமி இப்போது நான் போகும்போது படலையில் நின்று கை காட்டுவார்.

நாய்களுக்குப் படம் காட்ட முடியாது. துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, அதன் பக்கம் திரும்பி, கல் எடுப்பது போலக் குனியுங்கள். பெரும்பாலும் அதுவே காணும். கடித்தால், சின்னக் கீறல் என்றாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூன்றாம் மாதத்திலிருந்து கிழமைக்கு நாலு நாள் ஓட்டம். அதில் மூன்று நாள் மெதுவானது. ஒரே ஒரு நாள்தான் வேகம்: 400 மீற்றர் ஒரு நிமிடம் 55 செக்கனில், இரண்டு நிமிடம் நடை, ஆறு தரம். முதல் இரண்டும் சுகமாக இருக்கும். அதை நம்பி மூன்றாவதில் கூட்டினால் ஐந்தாவதில் விழுந்துவிடுவீர்கள். ஆறாவதும் முதலாவதும் ஒரே நேரம் வந்தால்தான் அன்றைய பயிற்சி சரி என்று சேர் எழுதி வைப்பார். மற்ற நாட்களில் வீட்டு முற்றத்தில் தண்டால், குந்தி எழும்புதல், வயிற்றுப் பயிற்சி.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ஞாயிறு ஓட்டம். கோட்டைக்குப் பக்கத்தில் சைக்கிள்களை வைத்துவிட்டுப் பண்ணைப் பாலத்தால் மண்டைதீவுச் சந்திப் பக்கமாகப் போய்த் திரும்புவோம். இரண்டு பக்கமும் முழங்கால் அளவுக் கடல், சிறகுவலைக் கம்புகள், அதில் வரிசையாகக் காகமும் கொக்கும். நிழல் என்று ஒரு மரம் கிடையாது, அதனால் ஐந்தேகாலுக்கே தொடங்க வேண்டும். ஆனி ஆடியில் சோளகக் காற்று முகத்துக்கு நேரே அடிக்கும். போகும்போது ஓடுகிறேனா நிற்கிறேனா என்று சந்தேகம் வரும். அந்த நேரம் மணிக்கூட்டைப் பார்க்கக் கூடாது. காற்றுக்குள் வேகத்தைப் பிடிக்கப் போனால் திரும்பி வர மூச்சு மிஞ்சாது. வசனம் சொல்ல முடிகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு, முதுகைக் கொஞ்சம் முன்னால் சரித்து, அடியைச் சின்னதாக்கிப் போனால் போதும். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வரும். ஒரு ஞாயிறு அப்படித் திரும்பி வரும்போது 50 நிமிடம் நிற்காமல் ஓடியிருக்கிறேன் என்று தம்பி சொல்லித்தான் தெரிந்தது. நான் அப்போது சாட்சி என்பதற்கு வசனம் தேடிக்கொண்டிருந்தேன்.

இலண்டனில் இருக்கும் சித்தப்பாவின் மகளும் அங்கே பொலிஸுக்கு முயற்சி செய்கிறாள். அங்கே 15 மீற்றர் இடைவெளியில் இரண்டு கோடு போட்டு, ஒலி கேட்கும்போதெல்லாம் கோட்டைத் தொட்டுத் திரும்ப வேண்டும். வரவர ஒலி கிட்ட கிட்ட வரும். ஐந்தாம் நிலையில் நாலாவது ஓட்டம் வரை நின்றால் சித்தி. மொத்தம் 525 மீற்றர், ஏறத்தாழ மூன்றரை நிமிடம். கேட்க இலகு. அவள் முதல் முயற்சியில் தவறிவிட்டாள். நேராக ஓடிப் பழகியவளுக்குத் திரும்புதல் தெரியவில்லை. நானும் சேரும் செங்கல் துண்டு வைத்து ஓடிப் பார்த்தோம். கோட்டில் நிமிர்ந்து நின்று திரும்பினால் ஒவ்வொரு முறையும் ஓட்டத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. முழங்காலை மடித்துப் பதிந்து, ஒரு முறை இடது கால், அடுத்த முறை வலது கால் என்று மாற்றித் திரும்பினால் முழங்கால் சில்லும் தப்பும், மூச்சும் மிஞ்சும். காணொளி எடுத்து அனுப்பினேன். இரண்டாம் முறை சித்தியடைந்துவிட்டாள். அன்றைக்கு அப்பா அவளோடு அரை மணித்தியாலம் தொலைபேசியில் கதைத்தார். நான் தயாராவதைப் பற்றி அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என் சைக்கிளுக்கு முன்விளக்கு பூட்டியிருக்கிறார்.

2420 ஓடிய அன்று பின்னேரம் அம்மம்மாவின் அலுமாரியிலிருந்து அந்த முறைப்பாட்டுப் பிரதியை எடுத்தேன். ஓட்டத்தோடு சேர்ந்து சிங்கள எழுத்தும் பழகிவிட்டது. கையெழுத்துப் பிரதி என்பதால் நானும் தம்பியும் ஒரு மணித்தியாலம் மினக்கெட்டோம். பெயர் சரி, திகதி சரி, காசுத்தொகை சரி. பறித்தவர்கள் வந்த வாகனம் என்ற இடத்தில் பாபெதிய என்று இருந்தது. சைக்கிள்.

"நான் மோட்டார்சைக்கிள் எண்டெல்லோ சொன்னனான்" என்றார் அம்மம்மா.

மோட்டார்சைக்கிளுக்கு யதுருபெதிய. அடுத்த நாள் ஞாயிறு. பண்ணைப் பாலத்தில் அதுதான் தம்பி கேட்ட முதல் சொல்.

இந்தக் கிழமை இரண்டு ஓட்டத்தைப் பின்னேரம் மூன்றரைக்கு மாற்றுகிறேன். களுத்துறை ஈரலிப்பான இடம், வியர்வை இலகுவில் காயாது. எங்கள் விடியற்காலைக் காற்றுக்குப் பழகிய உடம்பு அங்கே முதல் கிழமையே திணறக்கூடாது. இரண்டு கிழமை வெயிலுக்குள் இன்னும் மெதுவாக ஓடி, உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணி குடித்துப் பழக்கச் சொல்லியிருக்கிறார் சேர். செய்தி அனுப்பிய பிள்ளைகளில் யாழ்ப்பாணத்தில் இருப்பவர் வர விரும்பினால் சனி விடிய ஐந்தரைக்குத் துரையப்பாவுக்கு வாருங்கள். சப்பாத்து இல்லாவிட்டால் புல்லில் வெறுங்காலோடு நடந்து தொடங்கலாம். இரத்தச் சோதனை முடிவைக் கையோடு கொண்டுவாருங்கள்.